மதாம் அடிக்காத வார்த்தை

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு இன்னும் டைப்ரைட்டர் சத்தம் கேட்கிறது. கடல் பக்கமிருந்து வருவதுபோல வரும். நாலைந்து தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு, பிறகு வரி முடிந்ததென்று ஒரு மணி. எங்கள் வீட்டில் டைப்ரைட்டர் கிடையாது. எங்கள் தெருவிலேயே கிடையாது. ஆனாலும் கேட்கும். கேட்டால் பின்னாடியே கார்பன் தாள் வாசனையும் வந்துவிடும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு நான் காரைக்கால் கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் போய்விடுவேன். சைக்கிள் கடைக்கும் பூட்டிக் கிடந்த ஒரு பழைய பங்களாவுக்கும் நடுவில் ஒடுக்கமாக ஓர் அறை. உயரத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பூவரசு. இலை அசையும்போதெல்லாம் அறையின் வெளிச்சமும் அசையும். அங்கே மதாம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எல்லோரும் அவரை, பிரெஞ்சுக்காரப் பெண்களைக் கூப்பிடுவதுபோல, மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள். பிரான்சை அவர் வரைபடத்தில்கூடப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். கோட்டுச்சேரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் சின்ன வயதிலேயே ஏதோ ஆபீசில் டைப் அடிக்கப் போனவர். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர், அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் உதிரவில்லை. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் வேறு யாரோ போலத் தோன்றுகிறது, அதனால் விட்டுவிடுகிறேன்.

மனு, பிராது, பதில் கடிதம் எல்லாம் அடித்துக் கொடுப்பார். அடிப்பதற்கு முன்னால் கேட்பார். கேட்கும்போது தாள் இருக்காது, பேனா இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. முதல் தடவை வருகிறவர்கள், அம்மா தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துப் பேச்சை நிறுத்துவார்கள். "ம், சொல்லுங்க" என்பார்.

கோட்டுச்சேரிக்காரர் ஒருவர் ஒருநாள் வந்து கொதித்துக்கொண்டிருந்தார். "பக்கத்து வயக்காரன் இருக்கானே மதாம், பொல்லாத பய. கொடும்பாவி. ஊரையே கெடுத்துப்புட்டான்."

"அது அவரு பேரு இல்லீங்களே. என்னா செஞ்சாரு?"

"என்னா செய்யலங்கிறீங்க?"

"ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். மடையைத் திருப்பிவிட்டான் என்றார். எந்த மடை, எத்தனை தடவை, யார் பார்த்தது என்று மதாம் கேட்டுக்கொண்டே போனார். ஒரு தடவை. கேட்டதற்கு, தெரியாமல் ஆகிவிட்டது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறான். அப்புறம்? அப்புறம் அவர் மகள் கல்யாணத்துக்கு அந்த ஆள் வரவில்லை. "அதை எழுதட்டுங்களா?" என்றார் மதாம். மனிதர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணாங்க, நான் அவனையே பாத்துக் கேட்டுக்கிறேன்" என்று எழுந்து போனார். இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் மனு இல்லாமலே திரும்புவார்கள். மதாமின் தொழில் செழிக்காததற்கு வேறு எதிரி தேவைப்படவில்லை.

மிச்சப் பாதிப் பேருக்கு அடித்துக் கொடுப்பார். அடித்து முடித்ததும் உருளையிலிருந்து தாளை உருவி, எதிரி அங்கேயே நிற்பதுபோல எதிர்ச் சுவரைப் பார்த்து உரக்கப் படிப்பார். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: "இதுல எதையாச்சும் இல்லைன்னு சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க." அதன் பிறகு கார்பன் நகல் ஒன்றை எதிராளிக்கே தபாலில் அனுப்பச் சொல்வார். கோர்ட்டெல்லாம் அதற்கப்புறம்தான். வக்கீல்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

சுவரில் மாதா படம் மாட்டியிருந்தாரே தவிர, யாருக்கும் உபதேசம் செய்து நான் பார்த்ததில்லை. கிண்டல் உண்டு. ஒருத்தி அந்த அறையில் தன் பிள்ளையை, "சனியனே, சும்மா இரு" என்று அதட்டினாள். மதாம் கண்ணைத் திறக்காமல், "பாத்துங்க, திருநள்ளாறு பக்கத்துலதான் இருக்கு. கூப்பிட்டா அடுத்த பஸ்ல வந்துடுவாரு" என்றார். அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை சிரித்தது.

நான் அங்கே போனது சிரிக்க அல்ல. எழுபதுகளின் கடைசி. நான் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குச் சுரக்குடியில் நிலம், விவசாயம். வேலையை விட்டுவிட்டு அங்கே வா என்பார் அவர். மாட்டேன் என்பேன் நான். வாரக்கடைசியில் அரிசி மூட்டையோடு வருவார், சண்டையோடு போவார். குழந்தைக்கு நாலு வயது. ஒரு சனிக்கிழமை, திருநள்ளாற்றுக் குளத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கூட்டிவருகிறேன் என்று அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துப் போனவர் திரும்பி வரவில்லை.

நான் தமிழ் டீச்சர் அல்லவா? இரண்டு நாள் உட்கார்ந்து நானே ஒரு பிராது எழுதினேன். கொடியவர், தீய எண்ணம் படைத்தவர், ஈவிரக்கமற்றவர், தீமையின் உருவம். கோபம் வந்தாலும் சந்திப்பிழை வராமல் எழுதியிருந்தேன். மதாமிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த ஒன்றை மட்டும் அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார்.

"தமிழ் நல்லா இருக்குங்க டீச்சர். அவரு என்னா செஞ்சாருன்னுதான் இதுல இல்லை."

"என் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. இதுக்கு மேல என்னா வேணும் உங்களுக்கு?"

"அது ஒரு வரி. மீதி மூணு பக்கம்?"

தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று வாசலில் வைத்துச் சொன்னேன். அவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். கடைத்தெருவில் வேறொருவர் அந்த மூன்று பக்கத்தையும் அப்படியே அடித்து, தன் பங்குக்கு "ராட்சச குணம்" என்று ஒன்றைச் சேர்த்தும் கொடுத்தார். அனுப்பினேன். சுரக்குடியிலிருந்து பதில் வந்தது. அதே வார்த்தைகள், ஆண்பாலுக்குப் பதில் பெண்பால். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே வகுப்பில் எழுதிய இரண்டு கட்டுரை போல இருந்தன. நான்கு மாதம் அதில் போயிற்று.

அந்த நான்கு மாதமும் எப்படி நகர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எதிர்ச்சொல் பாடம் நடத்துவேன். நன்மை என்று எழுதி நடுவில் ஒரு கோடு போட்டுத் தீமை என்று எழுதுவேன். பிள்ளைகள் கத்திச் சொல்வார்கள். நல்லவர், கெட்டவர். சாக்பீஸ் தூள் வெயிலில் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இருக்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சுரக்குடிக்குப் போனேன். நாத்தனார் வாசல் படலைத் திறக்கவில்லை. முற்றத்தில் குழந்தை நின்றாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து ஓடி வருவாள் என்று குனிந்து கையை நீட்டினேன். அவள் அத்தையின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"நீ கெட்ட அம்மா. பூட்டி வச்சிடுவ."

வரப்போரமாக நடந்து பஸ்ஸுக்கு வந்தேன். நாற்று நட்டிருந்தது. பச்சையைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. காரைக்காலில் இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல் சந்துக்குள் போனேன். மதாம் பழைய பேச்சையெல்லாம் எடுக்கவில்லை. ஸ்டூலைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். அவர் கூட்டிப்போனது, திரும்பி வராதது, படல் திறக்காதது. குழந்தை சொன்னதையும் சொன்னேன்.

"பூட்டி வச்சிடுவன்னு ஏன் சொல்லுச்சு?"

அறைக்குள் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. சைக்கிள் கடையில் யாரோ பெல்லைத் தட்டிப் பார்த்தார்கள். மதாம் கண்ணைத் திறக்கவில்லை. அந்த அம்மாளுக்கு அவசரம் என்பதே கிடையாது. அதுதான் ஆளைக் கொல்லும்.

பிறகு சொன்னேன். அவர் குழந்தையைக் கூட்டிப்போவதற்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளியில் இன்ஸ்பெக்ஷன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண் வரவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் குழந்தை என் ரிஜிஸ்தர்மீது மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவளை அறைக்குள் தள்ளி, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். பன்னிரண்டு மணிக்கு அரிசியோடு வந்தவர் பூட்டை உடைத்திருக்கிறார். அவளுக்குக் குரலே இல்லை. நாலு மணி நேரம்.

"குழந்தை அழுதது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்லை" என்றேன்.

மதாம் கண்ணைத் திறந்தார். இரண்டு தாள், நடுவில் கார்பன், உருளையில் செருகினார். அடிக்க ஆரம்பித்தார். என் கணவர் செய்ததெல்லாம், கூட்டிப்போன அன்று குழந்தை போட்டிருந்த மஞ்சள் கவுன் உட்பட, வரிசையாக வந்தது. நான் செய்ததும் வந்தது. என்னையே நான் காட்டிக்கொடுக்கிறேனே என்று தாளின்மேல் கையை வைத்தேன். "இது வேணுமா மதாம்?" என்றேன். "அவருக்குத் தெரிஞ்சதுதானே? நீங்க மறைச்சா அவரு சொல்லுவாரு. அவரு சொன்னா வேற மாதிரி சொல்லுவாரு" என்றார். பூட்டிவிட்டுப் போனேன் என்ற வரி முடிந்தது. மணி அடித்தது. மதாம் உருளையை ஒன்றிரண்டு வரி அளவு சும்மா சுற்றினார். வெறும் இடம். அதற்குக் கீழே மறுபடி தொடங்கினார்.

"இங்க ஏன் விட்டுட்டீங்க?"

"கிடக்கட்டும்."

எதிர்ச் சுவரைப் பார்த்துப் படித்தார். ஒரு பக்கம்கூட முழுதாக வரவில்லை. கெட்டவர் இல்லை, கொடியவர் இல்லை, ஒரு வசவு இல்லை. நாக்கில் உப்பில்லாத சோறுபோல இருந்தது. இல்லைன்னு சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நகல் சுரக்குடிக்குப் போயிற்று.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் எனக்குப் போக இடம் வேறு இல்லாததால் மதாமோடு மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனேன். எனக்கு அங்கே கும்பிடத் தெரியாது. கடைசி வரிசையில் நின்று ஜன்னல் கண்ணாடியின் நிறங்கள் ஆட்களின் தோளில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், தீமையிலிருந்து காப்பாற்று என்று கேட்கும் இடம் வரும். அந்த இடத்தில் மதாமின் உதடு மூடிக்கொள்ளும். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். வெளியே வரும்போது கேட்டேன், அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை என்று.

கடற்கரைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் சொன்னார்.

"அந்த வார்த்தைய ஒரு தடவ டைப் அடிச்சிருக்கேன் டீச்சர். அப்ப எனக்கு உங்க வயசு. ஒரு விடுதியில சமையல் வேலை பாத்த ஒரு அம்மாளப் பத்தி மேலிடத்துக்கு ஒரு கடுதாசி. எழுதிக் கொடுத்தாங்க, அடிச்சேன். 'இவள் தீயவள்'னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்லை. நான் கேக்கல. அழகா, நடுவுல வர்ற மாதிரி, கோணாம அடிச்சேன். ஒரு வாரத்துல அவங்களுக்கு வேலை போச்சு, இருந்த இடமும் போச்சு. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பிள்ளையோட, மூட்டையோட நிக்கிறாங்க. என்னைப் பாத்துட்டு வந்து கேட்டாங்க. சண்டையா கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. 'நீங்கதானே அடிச்சீங்க? அதுல நான் என்னா செஞ்சேன்னு எழுதியிருந்துச்சு?'"

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னாத்தச் சொல்றது? அதுல ஒண்ணும் இல்லையே."

காற்றில் அவர் முக்காடு விலகியது. அதைச் சரிசெய்துகொள்ளாமலே நடந்தார். எனக்கு அவர்மேல் அந்த நிமிஷம் வந்த பாசத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாசலில் வைத்து நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். "அது உண்மைதானே, பெறலையே" என்று சிரித்துவிட்டார்.

பிறகு ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டு வரும்போது சந்து முனையில் என் கணவரின் சைக்கிளைப் பார்த்தேன். உள்ளே போகாமல் சைக்கிள் கடையின் ஓரத்தில், தொங்கிக்கொண்டிருந்த டயர்களுக்கு நடுவில் நின்றேன். மதாமின் குரல் கேட்டது.

"எது இல்லைன்னு சொல்லுங்க தம்பி. அடிச்சுத் திருத்திடறேன்."

தாள் புரளும் சத்தம். அப்புறம் அவர் குரல்.

"மஞ்சக் கவுன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு அது போட்டிருந்தது பச்சைக் கவுனுங்க. காலர்ல பூப் போட்டது."

"வேற?"

"வேற இல்லீங்க."

பச்சைதான். டயர்களுக்கு நடுவில் நின்றபடியே எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிறு சந்தையில் நானே வாங்கியது. நான் மறந்ததை அவர் வைத்திருந்தார். அவரைப் பற்றி நான் எழுதிய அந்த மூன்று பக்கத்தில் இந்தப் பச்சைக் கவுனுக்கு எங்கேயும் இடம் இருந்திருக்காது.

அந்த வாரமே குழந்தையைக் கொண்டுவந்து விட்டார். சனிக்கிழமைகளில் அவரிடம் போவாள், மற்ற நாள் என்னிடம். நாங்கள் இரண்டு பேரும் மறுபடி ஒரே வீட்டில் வாழவில்லை. ஆனால் அதற்கப்புறம் குழந்தை காதுபட ஒருவரையொருவர் எந்தப் பெயரும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

குழந்தை வந்த புதிதில் என்னைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பாள். நாலாவது நாள் மதியம், ஜன்னலோரம் பாயில் படுத்து, கொட்டாங்கச்சியில் மணலை நிரப்பிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் படுத்து அவள் ஒட்ட வெட்டிய தலையைத் தடவினேன். என்னையறியாமல் வாயில் வந்தது.

"அன்னிக்கு நீ அழுதது அம்மாவுக்குக் கேக்கலடா கண்ணு."

அவள் மணலைத் தட்டிச் சமன் செய்தபடி சொன்னாள்.

"கேட்டுச்சே. நீ ஜன்னல்கிட்ட வந்து நின்னியே. உன் புடவை தெரிஞ்சுது."

கோபமே இல்லை அவள் குரலில். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தாள். மணல் உருண்டையாக நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நின்றேன். ஆமாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவள், ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தாள். கத்தட்டும், புத்தி வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்னதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அப்புறம்தான் போனேன்.

அவள் தூங்கியதும் எதிர்வீட்டு அக்காவை உட்காரவைத்துவிட்டு மதாமிடம் ஓடினேன். என் நகலை மேஜையில் விரித்து, அந்த வெற்றிடத்தைக் காட்டினேன். வாயைத் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நிம்மதியையும் சேர்த்து. மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாளை உருளையில் செருகி, வரியை ஒழுங்கு பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"குழந்தை அழுதது எனக்குக் கேட்டது. ஜன்னல் வரை வந்து நின்று கேட்டேன். பிறகு போனேன்."

இடம் சரியாக இருந்தது. முன்பே அளந்து விட்டதுபோல.

"பக்கத்துல இன்னொரு வார்த்தை போடுங்க மதாம்" என்றேன். அழுகையில் எனக்குப் பேச்சே சரியாக வரவில்லை. "அந்த வார்த்தைதான். எனக்கு அது தகும். போடுங்க."

"அதைப் போட்டா இந்த வரிய யாரும் படிக்க மாட்டாங்க டீச்சர். நீங்களே படிக்க மாட்டீங்க."

மதாம் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம், காய்ச்சலென்று படுத்தவர் எழவில்லை. அந்த அறை பிறகு ஜெராக்ஸ் கடை ஆயிற்று. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. என் மகள் படித்திருக்கிறாள். மதியத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் போய் நிற்பது அந்த ஒரு பகலில்தான்.

அன்று மதாம் உருளையிலிருந்து தாளை உருவினார். வழக்கம்போல எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அந்த மூன்று வாக்கியத்தையும் உரக்கப் படித்தார்.

"இல்லைன்னு சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. பூவரசு இலையின் நிழல் தாளின்மேல் வந்து வந்து போயிற்று. மதாம் அதை நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

"குழந்தை முழிச்சுக்கிற நேரம். கிட்டக்க இருங்க. போங்க."